ஒரே குரல் பாடிய வேன்

எங்கள் கம்பெனி வேனில் நான் போய்வந்த ஆறு வருஷமும் ஒரே ஒருவர்தான் பாடினார். காலையில் ஊர் விலக்கில் நாங்கள் நிற்கும்போது அவர் குரல்தான் முதலில் வரும். வண்டி பிறகுதான் வளைவில் திரும்பும். சாயங்காலம் முகம் கை கழுத்தெல்லாம் அலுமினியப் பவுடர் மினுங்க நாங்கள் திரும்பி ஏறும்போதும் அவரேதான். மழைக்கும் அவர், வெயிலுக்கும் அவர். ஜோடிப் பாட்டாக இருந்தால் பெண் குரல் வருகிற இடத்தில் டிரைவர் சத்தத்தைக் குறைத்துவிடுவார். அவருடைய ஆள் மறுபடியும் பாட ஆரம்பித்ததும் கூட்டிவிடுவார். அதற்காகவே இடது கை எப்போதும் அந்தத் திருகின்மேல் இருக்கும்.

அந்தப் பாடகரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. எங்கேயோ கதவடைத்த ஓர் அறையில் நின்று பாடிவிட்டுப் போனவர். வேன் ஓட்டியவரின் பெயரையும் எழுதவில்லை. அதற்குக் காரணம் வேறு. அவருக்குப் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். நாங்கள் அவரைப் பாட்டு அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டோம். அது போதும்.

மனிதர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் சொல்லப்போவது ரொம்பச் சுலபமாகப் போய்விடும்.

தாயில்பட்டி தாண்டி உடைமரக் காட்டுக்குள் இருந்த அந்தப் பட்டாசு ஆலைக்கு, சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் விடுவதும் கொண்டுவந்து சேர்ப்பதும் அவர் வேலை. அவரைத் தவிர மற்ற கம்பெனி டிரைவர்கள் ஹாரன் அடித்து இரண்டு நிமிஷம் பார்ப்பார்கள், வராவிட்டால் போய்விடுவார்கள். இவர் நிற்பார். கைப்பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடிவருகிறவளுக்காக நிற்பார். ஒருத்திக்கு ஏழு மாதம் என்று தெரிந்ததிலிருந்து, பள்ளம் வருகிற இடத்தையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு ஆமை மாதிரி ஓட்டினார். ஏறும்போது விரலை நீட்டி எண்ணுவார். இறங்கும்போதும் எண்ணுவார்.

"எண்ணி ஏத்துறேன், எண்ணி எறக்குறேன். ஒரு தலை குறைஞ்சாலும் வண்டி நகராது தாயி. உங்க வீட்டு ஆம்பளைக்கு நான்தான பதில் சொல்லணும்?" என்பார்.

இருபத்திரண்டு வயதில் நான் முதல் நாள் அந்த வேனில் ஏறியபோது, மடியில் தூக்குச்சட்டியை வைத்துக்கொண்டு அழுதுகொண்டே போனேன். நர்சிங் படிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டவள் நான். அவர் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. சோகப் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததை மாற்றி, அதே குரலில் ஒரு கேலிப் பாட்டைப் போட்டார். இரண்டாவது நாளும் அதைத்தான் போட்டார். மூன்றாவது நாள் நான் சிரித்துவிட்டேன். "இந்தா, ராஜி சிரிச்சிருச்சு" என்று வண்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அப்பா இல்லாத வீட்டிலிருந்து வந்த எனக்கு அது பெரிதாகத்தான் இருந்தது.

பாட்டை மாற்றச் சொல்லி யார் கேட்டாலும் நடக்காது. கெஞ்சினாலும் நடக்காது. "மாத்தி மாத்திக் கேக்கிறதுக்குக் காது என்ன கட்டணக் கழிப்பறையா?" என்பார். புதிதாக வேலைக்கு வந்த பெண் ஒருத்தி ஒருநாள் தன் போனில் வேறு யாரோ பாடிய பாட்டை வைத்தாள். அவர் வண்டியை ஓரங்கட்டினார். எஞ்சினை நிறுத்தினார். இறங்கிப் போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். அவள் போனை அணைத்துப் பைக்குள் போடுகிற வரைக்கும் வரவில்லை. கோபப்படவில்லை, ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் அவரே சொன்னார். ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி சிந்திவிட்டுப் போன கல்லில் டயர் கிழிந்துவிட்டது. மாற்று டயர் வருகிறவரை ரோட்டோரம் உட்கார்ந்திருந்தோம்.

"அப்போ நான் நம்ம முதலாளி லாரியில இருந்தேன். சீசன் லோடு ஏத்திக்கிட்டு வடக்க போறேன். கிளீனர் பய காய்ச்சல்ல பாதியில எறங்கிட்டான். தன்னந்தனியாப் போறேன். ஒரு ஊர்ல சைக்கிள்காரன் ஒருத்தன் குறுக்க வந்து விளுந்துட்டான். டயர் அவன் கால் மேல ஏறிருச்சு. ஊர்க்காரங்க அடிச்ச அடியில எனக்கு ரெண்டு பல்லு போச்சு. பன்னெண்டு நாளு ஸ்டேசன்ல வெச்சிருந்தாக. அவுக பேசுறது எனக்கு வெளங்காது, நான் பேசுறது அவுகளுக்கு வெளங்காது. லாரி வாசல்லதான் நிக்குது. அங்கன இருந்த போலீஸ்காரன் ஒருத்தன் பொழுது போகலைன்னா லாரியில ஏறி டேப்பைப் போட்டு விடுவான். வண்டியில இருந்தது ஒரே கேசட்டு, இவரு பாடுனது. அந்தப் பன்னெண்டு நாளும் எங்கிட்டத் தமிழ் பேசுன ஒரே மனுசன் அவருதான்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பதிமூணாவது நாளு முதலாளி வந்தாரு. ஆளு அனுப்பல. அவரே ரயிலேறி வந்தாரு. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு, 'சாப்பிட்டியாலே?'ன்னு கேட்டாரு. அன்னைக்கு முடிவு பண்ணேன். காதுக்கு இந்த ஒருத்தரு, கஞ்சிக்கு அந்த ஒருத்தரு. செத்தாலும் மாத்த மாட்டேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பாதிப் பேர் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்கள். மாரித்தாய் அக்கா மட்டும் கேட்டாள்:

"அந்தச் சைக்கிள்காரன் என்ன ஆனான் அண்ணாச்சி?"

அவர் அவளைப் புரியாமல் பார்த்தார். "யாரு?"

"கால் போச்சுன்னீகளே, அவன்."

"அவன் என்ன ஆனானோ, யாரு கண்டா?" என்றார். உண்மையாகவே அதுவரை அவர் அதை யோசித்ததில்லை என்று முகத்தில் தெரிந்தது.

மாரித்தாய் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி இருந்தவள். புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். எட்டாம் வகுப்புப் படிக்கிற ஒரே மகள், முத்துச்செல்வி. அக்கா முதலில் வீட்டிலிருந்தே சரவெடி பின்னிக் கொடுத்தாள். பிறகு சீசனில் ஆள் பற்றாதபோது எங்களோடு வேனில் வர ஆரம்பித்தாள். வருகைப் பதிவேட்டில் பேர் இல்லாத, கூப்பிட்டால் வருகிற ஆள். அவளைப் போல் இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வெடிமருந்து அடைக்கிற அறைக்கு இத்தனை பேர்தான் என்று அரசாங்கக் கணக்கு ஒன்று உண்டு. அதற்கு மேல் உட்காருகிறவர்கள் இவர்கள்தான்.

அக்காவுக்குப் பாட்டென்றால் எல்லாப் பாட்டும். கும்மிப் பாட்டு, கோயில் பாட்டு, தேர்தல் பாட்டு, நேற்று வந்த குத்துப் பாட்டு, சோப்பு விளம்பரப் பாட்டு. காதில் விழுந்ததை மறுநாள் வாயில் கொண்டுவந்துவிடுவாள். அரைகுறை வரிதான். இல்லாத இடத்தில் தானே எதையாவது போட்டு நிரப்பிக்கொள்வாள்.

ஒருநாள் வேனில் யாரோ ரேடியோவில் கேட்டதாகச் சொன்னார்கள்: ஆயுசுக்கும் ஒரே ஒருத்தர் பாட்டைத்தான் கேட்கலாம் என்றால் யாரைக் கேட்பீர்கள்? ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னோம். நான் அண்ணாச்சியை மகிழ்விக்க அவருடைய ஆளையே சொன்னேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். மாரித்தாய் அக்காவின் முறை வந்தது.

"ஒருத்தரு மட்டுந்தானா? அதுக்கு நான் செவிடாவே இருந்துக்கிறேன்" என்றாள்.

வண்டியே சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நான்காவது நாள், "ரெண்டு கிணத்துல எறைக்கிறவன் ரெண்டு கிணத்துக்கும் உண்மையா இருக்க மாட்டான்" என்று ரோட்டைப் பார்த்துச் சொன்னார்.

"தாகம் எடுத்தவனுக்கு எந்தக் கிணறா இருந்தா என்ன அண்ணாச்சி?" என்றாள் அவள். இந்தச் சண்டை எங்களுக்கு ஒரு விளையாட்டு. இரண்டு பேருக்கும் அது விளையாட்டுத்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாரணாபுரத்தில் ஒரு மண்டபத்தில் அவர் மகள் கல்யாணம் நடந்தது. நாங்கள் எல்லோரும் போனோம். ஒலிபெருக்கியில் காலையிலிருந்து அதே குரல். மாப்பிள்ளை வீட்டு இளவட்டங்கள் ஆடுவதற்கு ஒரு பாட்டுக் கேட்டார்கள். முடியாது என்றுவிட்டார். மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து மரியாதையாகக் கேட்டார். அண்ணாச்சி எழுந்துபோய் மைக்செட்டின் வயரையே பிடுங்கிவிட்டார். தாலி கட்டும்போது நாதஸ்வரம் மட்டும் இருந்தது. பந்தியில் இலைச் சத்தம் மட்டும். மணமகள் முகத்தை நிமிர்த்தவேயில்லை.

சமையல்கட்டில் கை கழுவப் போன என்னிடம் அவர் மனைவி சொன்னாள்: "இருபத்தாறு வருசமா அந்த மனுசன் பாடாத ஒரு பாட்டு எங்க வீட்டுக்குள்ள வந்ததில்ல ராஜி. எம்புட்டோ பாட்டு இருக்காம்ல உலகத்துல?" ஏதோ ஊர் பேர் விசாரிக்கிற மாதிரிதான் கேட்டாள்.

எனக்கு அப்போதே கொஞ்சம் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. விசுவாசம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அம்மாவிடம் வந்து பெருமையாகச் சொன்னேன்.

அந்த நாளை இனிமேல் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருந்தது. வேன் நிறைய ஆள். அவர் விரலை நீட்டி எண்ணி, "இருபத்தேழு" என்றார். மாரித்தாய் அக்கா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தலையில் கனகாம்பரம்.

"அண்ணாச்சி, இன்னைக்கு எம் மகளுக்குப் பெறந்த நாளு. எனக்காண்டி ஒரே ஒரு பாட்டு மாத்திப் போடுங்க. ஒண்ணே ஒண்ணு."

"மகளுக்கு மிட்டாய் வாங்கித் தாறேன். பாட்டு மாத்த முடியாது."

"அப்ப நானே பாடிக்கிறேன்" என்று பாட ஆரம்பித்தாள். மகளுக்குப் பிடித்த ஏதோ ஒரு துள்ளல் பாட்டு. அவர் சத்தத்தைக் கூட்டினார். அவளும் கூட்டினாள். அவர் இன்னும் கூட்டினார். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. நாங்கள் கைதட்டினோம். ஆலை கேட் வருகிறவரை இரண்டு பாட்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டே வந்தன. கேட்டில் அவர் பாட்டை நிறுத்தினார். அவள் நிறுத்தவில்லை. பாடிக்கொண்டே இறங்கி, போனை வாங்கி வைக்கிற காவலாளியிடம், "எங்கிட்டப் போனு இல்ல, பாட்டுதான் இருக்கு, வாங்கி வெச்சுக்கிறீகளா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பதினோரு மணிக்கு வெடித்தது.

நான் பேக்கிங் ஷெட்டில் இருந்தேன். முதலில் காது அடைத்தது, பிறகுதான் சத்தம் என்று ஒன்று கேட்டதாக நினைவு. ஓடி வெளியே வந்தபோது மருந்து அறை இருந்த இடத்தில் சுவர் இல்லை. தொடர்ந்து வெடித்துக்கொண்டிருந்ததால் யாரும் கிட்டப் போக முடியவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் ஆகாது. மாரித்தாய் அக்காவை உயிரோடுதான் எடுத்தார்கள். மதுரைக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் போய்விட்டாள். அந்த மூன்று நாளும் வாழை இலையில் கிடந்தவள், மகளைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னாள், மகள் தன்னைப் பார்த்துவிடக் கூடாது என்றும் சொன்னாள்.

கம்பெனி கொடுத்த பட்டியலில் அந்த அறையில் நான்கு பேர். உண்மையில் இருந்தது ஒன்பது. இறந்துபோனவர்களில் மாரித்தாய் அக்கா ஒருத்திதான் பட்டியலில் இல்லாதவள். அவளைப் பற்றிக் கம்பெனி சொன்னது இது: அந்தப் பெண் எங்கள் தொழிலாளி இல்லை, வேலை கேட்டுத் தானாக நடந்து வந்தவள், பின்பக்க வேலி வழியாக உள்ளே நுழைந்திருக்கிறாள், அவள் கவனக்குறைவாகக் கையாண்டதால்கூட விபத்து நடந்திருக்கலாம்.

விசாரணைக்கு வந்த அதிகாரி நல்லவர்தான். எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டார். பெண்கள் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அடுத்த வாரம் அடுத்த கம்பெனி வேனில் ஏற வேண்டியவர்கள். நான் சொன்னேன். "எங்ககூட வேன்லதான் வந்தாங்க சார். எம் பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க. டிரைவர் அண்ணாச்சியைக் கேளுங்க, அவர் எண்ணித்தான் ஏத்துவாரு."

அதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சில் ஒரு பலம் இருந்தது. யார் பொய் சொன்னாலும் அவர் சொல்ல மாட்டார்.

அவரைக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டை, கையில் மடித்த துண்டு. என்னிடமிருந்து நான்கடி தள்ளி நின்றார்.

"அன்னைக்கு எத்தனை பேரை ஏத்திட்டு வந்தீங்க?"

"பத்தொம்பது பேரு சார்."

"மாரித்தாய்ங்கிற அம்மா உங்க வண்டியில வந்தாங்களா?"

"இல்ல சார். அந்தப் பொம்பளை என் வண்டியில ஏறல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இந்தப் பொண்ணு வந்தாங்கன்னு சொல்லுது."

"எண்ணித்தான் சார் ஏத்துவேன். எங் கணக்குத் தப்பாது."

குரல் நடுங்கவில்லை. என்னைப் பார்க்கவில்லை, பார்க்காமல் இருக்கச் சிரமப்பட்டது போலவும் தெரியவில்லை. எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன். "அண்ணாச்சி" என்றேன். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு போய் வேனில் ஏறிக் கதவைச் சாத்தினார். பாட்டைப் போட்டார்.

வேலையில் செத்துப்போனவர்கள் என்று அரசாங்கம் எழுதியதில் மாரித்தாய் அக்கா இல்லை. அதனால் அந்தப் பிள்ளைக்கு வரவேண்டியது எதுவும் வரவில்லை. அது ஒரு பக்கம். ஊரில், "இவ கை பட்டுத்தான் வெடிச்சுச்சாம்" என்று பேச ஆரம்பித்தார்கள். இறந்துபோன மற்றவர்களின் வீடுகளிலிருந்து யாரும் அவள் பதினாறாம் நாள் காரியத்துக்கு வரவில்லை. பாட்டு அண்ணாச்சியும் வரவில்லை. முத்துச்செல்வியை அவளுடைய அத்தை வந்து பக்கத்து ஊருக்குக் கூட்டிப்போனாள். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது.

எனக்கு எந்தப் பட்டாசுக் கம்பெனியிலும் வேலை இல்லை என்றாகிவிட்டது. வாய்நீளம் என்று பெயர். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் லேபிள் வெட்டுகிற வேலை கிடைத்தது. அங்கேயே கல்யாணமும் முடிந்தது. அந்த ஆலை எட்டு மாதம் மூடிக் கிடந்து, வேறு பெயர்ப்பலகையோடு திறந்தது. ஃபோர்மேன் ஜெயிலுக்குப் போய் வந்தார். முதலாளி கொஞ்ச நாள் வெளியூரில் இருந்து திரும்பினார். வேனும் அதேதான், ஓட்டுகிறவரும் அண்ணாச்சிதான், பாடுகிறவரும் அதே பாடகர்தான் என்று கேள்விப்பட்டேன். அந்தக் குரல் டீக்கடையில் கேட்டால்கூட நான் கிளாசை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

போன வருஷம் அந்தப் பாடகர் இறந்துபோனார். ஊரெல்லாம் அவர் பாட்டு. இரண்டு நாள் கழித்து, அம்மாவைப் பார்க்கப் போன நான், மத்தியானம் ஊர் விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். பெரிய ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். பாடகரின் படம், மாலை, கண்ணீர் அஞ்சலி. கீழே பாட்டு அண்ணாச்சியின் படம், சின்னதாக. படத்துக்கு முன்னால் அவரே நின்றுகொண்டு பொங்கல் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தார். தலை மழித்து, மீசையும் எடுத்திருந்தார். பெற்ற தகப்பனுக்குச் செய்வது போல. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

வரிசையில் நிற்காமல் நேரே அவர் முன்னால் போய் நின்றேன். அடையாளம் தெரிந்துகொண்டார்.

"ராஜியா? வா தாயி. நல்லா இருக்கியா? இந்தா, சாப்பிடு" என்று ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்தார். "போயிட்டாரு பாத்தியா. நாப்பது வருசம். எம் பொஞ்சாதியை விட அவருகூடத்தான் அதிகம் இருந்திருக்கேன்."

அழுதார். நான்கு பேர் பார்க்க, வாய்விட்டு அழுதார். அவர் அழுது முடிக்கட்டும் என்று நின்றேன்.

"அண்ணாச்சி, மாரித்தாய் அக்கா அன்னைக்கு வண்டியில ஏறுனாகளா, இல்லையா?"

அவர் சுற்றும் பார்த்தார். கரண்டியைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு, ஃபிளெக்ஸுக்குப் பின்பக்கம் நடந்தார். நானும் போனேன்.

"ஏறுனா" என்றார். "நீதான் பக்கத்துல இருந்தியே. எம் பாட்டை அமுக்குற மாதிரிப் பாடிக்கிட்டே வந்தா. அது எனக்கு மறக்குமா?"

இத்தனை வருஷமாக நான் கேட்க விரும்பியது இதைத்தான். கேட்டதும் ஆறுதலாக இல்லை.

"அப்ப ஏன் அப்படிச் சொன்னீக?"

"முதலாளி அப்படித்தான் சொல்லச் சொன்னாரு."

"அவரு சொன்னா சொல்லிருவீகளா? அந்தப் புள்ள மொகம் உங்களுக்கு நெனப்பு வரலையா?"

"உனக்கு இது புரியாது தாயி. நீ நேத்து ஒரு கம்பெனி, இன்னைக்கு ஒரு கம்பெனின்னு போற ஆளு. எனக்கு அப்படி வராது. ஒருத்தரைப் புடிச்சா புடிச்சதுதான். அவரு நல்லதுக்கும் நிப்பேன், கெட்டதுக்கும் நிப்பேன்."

சொல்லும்போது அவர் முதுகு நிமிர்ந்தது. வெட்கப்பட்டிருந்தால்கூட நான் ஒருவேளை விட்டிருப்பேன். அவர் பெருமைப்பட்டார். தன்னிடம் இருக்கிற ஒரே நல்ல குணத்தை எனக்கு எடுத்துக் காட்டுவதாகவே அவர் நினைத்தார்.

"இப்பச் சொன்னதை எழுதிக் குடுப்பீகளா?"

"எழுதிக் குடுத்துட்டு முதலாளி மூஞ்சியில எப்படி முளிப்பேன்?" என்றார். உண்மையிலேயே என்னிடம் யோசனை கேட்பது போலக் கேட்டார். பிறகு, "பொங்கல் ஆறுது, சாப்பிடு" என்றார்.

பொட்டலம் கையில் சுட்டுக்கொண்டிருந்தது. கீழே போட மனம் வரவில்லை, சோறு. பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெரியவரிடம் கொடுத்துவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் அப்படியே பக்கத்து ஊருக்கு நடந்தேன்.

முத்துச்செல்வி அத்தை வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இருபது வயது. தோளைக் கொஞ்சம் சாய்த்து நிற்பது அப்படியே அம்மா மாதிரி. அவளைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. மூச்சு வாங்க அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஆளே ஒத்துக்கொண்டுவிட்டார், என் முன்னாலேயே சொன்னார், உன் அம்மா வேலி தாண்டி வரவில்லை, அவள் மேல் ஒரு தப்பும் இல்லை, நாளைக்கே இரண்டு பேரும் வக்கீலைப் பார்ப்போம் என்றேன்.

அவள் ஒரு சேலையை உதறிக் கொடியில் போட்டாள்.

"தெரியும்க்கா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எங்கம்மா அந்த வண்டியிலதான் போனாகன்னு தெரியும். அவரே சொன்னாரு, நான் வேலைக்குப் போன மொத நாளு."

எனக்குப் பிடிபடவில்லை. "நீ தீப்பெட்டி ஆபீசுக்கில்ல போற?"

"அதை மூடிட்டாகளேக்கா. எட்டு மாசமா அந்தப் பட்டாசுக் கம்பெனிக்குத்தான் போறேன். எங்கம்மா போன எடந்தான். இந்த ஊருக்குள்ள வர்ற வண்டி அது ஒண்ணுதான்."

நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள்.

"மொத ஆளா நாந்தான் ஏறுவேன். வண்டியில வேற யாரும் இல்ல. 'நீ மாரித்தாய் மகளா?'ன்னு கேட்டாரு. ஆமான்னேன். பாட்டை நிப்பாட்டிட்டாரு. எல்லாத்தையும் சொன்னாரு. அன்னைக்கு எம் பெறந்த நாளுன்னு அம்மா பாடுனதைக்கூடச் சொன்னாரு. சொல்லிட்டு ஸ்டேரிங்குல தலையை வெச்சுக்கிட்டு அளுதாருக்கா. ரொம்ப நேரம்."

"நீ என்ன சொன்னே?"

"நான் என்னத்தக்கா சொல்ல? எட்டு மணிக்குக் கேட்டைச் சாத்திருவாக, அப்புறம் போனா அரை நாள் சம்பளம் போயிரும். 'நேரமாச்சு, வண்டியை எடுங்க'ன்னேன்."